இஞ்சி என்று சொன்னேன்

போன மாதம் ஒரு கேட்டரிங் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் ஓட்டல் பாரில் நின்றவன், ரிட்டயர்டு ஆகி வீட்டில் சும்மா கிடக்கிறான், வந்து நாலு வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்திருப்பார்கள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். இப்போதெல்லாம் எல்லாமே பாக்கெட்டில் கலந்தே வருகிறது, கத்திரித்து ஊற்றினால் முடிந்தது, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டார்கள். கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, நீங்கள் கலக்கியதிலேயே கஷ்டமானது எது சார் என்றாள். ஏழு நிறம் ஒன்றோடொன்று சேராமல் அடுக்கடுக்காக ஊற்றுவதைப் பற்றி நானும் வாய்க்கு வந்ததை அளந்தேன். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. சொன்னது பொய். அந்த அடுக்கு வேலையைக் கை நடுங்காத எவனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். நான் கலக்கியதில் கஷ்டமானது அரிசிப் பாலும் ரம்மும் சேர்ந்த ஒரு பானம். கலக்குவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அதனால் வந்ததைச் சுமப்பதுதான் முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுக் காறித் துப்பினாலும் சரி.

என் பேர் மோசஸ். படாளம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்ததும் அங்கே இங்கே கூலி வேலை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு பெரிய ஓட்டலில் கிளாஸ் கழுவச் சேர்ந்தபோது வயது இருபத்தாறு. மூன்று வருடம் கழுவினேன். அப்புறம் ஐஸ் உடைத்தேன், எலுமிச்சை நறுக்கினேன், கவுண்டருக்கு உள்ளே வந்தேன். பாஸ்டரிடம் எங்கம்மா, பையன் ஓட்டலில் ஜூஸ் போடுகிறான் என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கவுண்டருக்குள் இழுத்துவிட்டவர் தனகோட்டி அண்ணன், எங்கள் பார் கேப்டன். ஊரப்பாக்கத்துக்காரர். ஆள் குள்ளம், குரல் பெரிசு. சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக நிற்கும். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு விரல் ரேகை தெரிந்தால்கூட ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப என் முன்னால் வைத்துவிடுவார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

அண்ணன் ஒரு காலத்தில் பெரிய குடிகாரர். டூட்டி முடிந்ததும் ஆரம்பித்தால் மறுநாள் டூட்டிக்குத்தான் நிறுத்துவார். அவர் சம்சாரம் மல்லிகா அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மதுராந்தகத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தை கிடையாது. வயிறு புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபிறகு அண்ணன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஒரு வருடம் முழுசாக விட்டுக் காட்டிவிட்டுத்தான் அண்ணியைக் கூப்பிடப் போனார். அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இன்னொரு தடவை அந்த வாசனை வாயிலிருந்து வந்தால், கேள்வி கேட்கமாட்டேன், பெட்டியைத் தூக்கிவிடுவேன் என்று.

பாரில் வேலை செய்கிறவனுக்குச் சட்டையெல்லாம் சாராய வாடைதான் அடிக்கும். அதனால் சட்டை கணக்கில் இல்லை, வாய் மட்டும்தான் கணக்கு. தினமும் வீடு திரும்பியதும் வாசலிலேயே அண்ணன் குனிந்து வாயைத் திறந்து ஊதிக் காட்டவேண்டும். அண்ணி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் செம்பில் தண்ணீர் கொடுப்பார். தெருவே பார்க்கும். இதை அண்ணனே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொல்வார். "போலீஸ்காரன் வண்டிய நிறுத்தி ஊதச் சொல்றான்ல, அந்த மாரிதான்டா. இன்னா வெக்கம்? அவ திரும்பி வந்துகிறாளே, அது போதும்" என்பார். ஏழு வருடம் அப்படி ஊதினார்.

குடியை விட்டவர் பார் கேப்டனாக எப்படி இருக்கமுடியும் என்று கேட்பீர்கள். எங்கள் வேலையில் ருசி பார்க்காமல் ஒன்றும் வெளியே போகக்கூடாது. ஸ்ட்ராவைக் கிளாஸுக்குள் விட்டு, மேல் ஓட்டையை விரலால் அடைத்து எடுத்தால் நாலு சொட்டு நிற்கும். அதை நாக்கில் விட்டுப் பார்ப்போம். அண்ணன் அதைத் தொடுவதில்லை. கிளாஸின் விளிம்பில் மூக்கை வைத்துக் கண்ணை மூடுவார். நான் ஸ்ட்ராவில் எடுத்து ருசி பார்த்துத் துப்பிவிட்டு என்ன குறை என்று சொல்வேன். அவர் மூக்கு சொன்னதையும் என் நாக்கு சொன்னதையும் சேர்த்துத்தான் முடிவு. "நாக்க நீ பாத்துக்கோ, மூக்க நான் பாத்துக்கறேன்" என்பார். அந்தக் கவுண்டரில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆள்.

ஒர்ச்சாட்டா எங்களிடம் வந்தது ஒரு மெக்சிகோ சாப்பாட்டு வாரத்தில். அது அந்த நாட்டுக்காரர்கள் வெயிலுக்குக் குடிக்கிற பானம். அதில் சாராயமே கிடையாது. அரிசியும் லவங்கப்பட்டையும் ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, சர்க்கரையும் பாலும் சேர்த்துச் சில்லென்று குடிப்பது. அதில் ரம் விட்டால் காக்டெயில். எங்கள் ஆட்கள் அதற்குக் கஞ்சி ரம் என்று பேர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் ரசித்துக் குடிப்பதைப் பார்த்து, எங்க வூட்ல இதுக்குத்தான் முகம் சுளிப்போம் என்று சமையல்கட்டே சிரித்தது.

சிரித்தார்களே தவிர, அண்ணன் அதைச் செய்த விதம் வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. புழுங்கலரிசியில் செய்தால் கஞ்சி வாடை தூக்கியது. பாஸ்மதியில் பட்டையின் வாசனை அமுங்கிப்போனது. கடைசியில் பொன்னிப் பச்சரிசி என்று முடிவு செய்தார். ரெண்டு தண்ணீர் கழுவிக் கொட்டிவிட்டு மூன்றாவது தண்ணீரில் ஊறல். பட்டையை வெறும் கல்லில் லேசாகச் சூடு காட்டி, கையால் ஒடித்துப் போடவேண்டும். சாயங்காலம் ஊறவைத்தால் காலையில் அரவை. ரவை மாதிரி நறநறவென்று அரைக்கணும். நைசாக அரைத்தால் மாவு துணியில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், நாக்கில் ஒட்டும். பழைய வேட்டித் துணியை ரெண்டாக மடித்து வடிகட்டுவோம். பிழியக்கூடாது, அது தானாகச் சொட்டவேண்டும். பிழிந்தால் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்வார். அடியில் மாவு தங்கும் என்பதால் ஒவ்வொரு தடவை ஊற்றும் முன்னாலும் கரண்டியால் கலக்கவேண்டும். அப்புறம் ரம் ஒரு பங்கு, ஒர்ச்சாட்டா மூன்று பங்கு, ஷேக்கரில் பத்து எண்ணும்வரை குலுக்கல். பதினொன்று எண்ணினால் ஐஸ் தண்ணீர்விட்டுப் போய்விடும் என்பார். நான் மனசுக்குள் எண்ணுவது எப்படித்தான் அவருக்குக் கேட்குமோ, "பதிமூணு" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

ரம் சேர்க்காத வெறும் ஒர்ச்சாட்டா அவருக்கு மத்தியானச் சாப்பாடு மாதிரி. புண் வந்த வயிற்றுக்கு அது இதமாக இருந்தது. தினமும் ஒன்றரை மணி வாக்கில் எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி ஒரே மூச்சில் குடிப்பார்.

ரெண்டு விஷயத்தில் அவர் பொல்லாதவர். எந்த ஜக்கிலும் வெள்ளை டேப் ஒட்டி, உள்ளே என்ன, எத்தனை மணிக்கு ஊற்றியது என்று எழுதணும். ரம் ஜக்குக்குள் போகவே கூடாது. பாட்டிலிலிருந்து அளவெடுத்து, கெஸ்ட் கண் முன்னால், அந்த ஒரு கிளாஸுக்கு மட்டும்தான். சட்டமும் அப்படித்தான். ஆனால் அண்ணன் சொன்ன காரணம் வேறு. பார்க்கப் பால் மாதிரி இருப்பதை எந்தக் குழந்தையாவது எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வாய் என்பார். நியாயமான பேச்சு. யாருக்கு நடக்கும் என்பதில்தான் எங்கள் ரெண்டு பேர் கணக்கும் தப்பிப்போனது.

கொரோனா வந்தது. ஓட்டலை மூடினார்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் காய்ச்சல் வந்து பிழைத்தார்கள். திறந்து வேலைக்கு வந்த முதல் நாள், அண்ணன் ரம் பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். அப்புறம் என்னை ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "ஒண்ணும் வரலடா மோசஸ். எது மோந்தாலும் தண்ணி மாரி கீது" என்றார். கண் கலங்கியிருந்தது.

நாக்கை வேண்டாம் என்று அவரே கட்டிப்போட்டார். மூக்கு தானாகப் போய்விட்டது. இது வெளியே தெரிந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை? புதிதாக வந்திருந்த மேனேஜர் ஏற்கெனவே பாதிப் பேரைக் கழித்துவிட்டிருந்தார். அதனால் ரெண்டு பேரும் நடித்தோம். அண்ணன் வழக்கம்போல விளிம்பில் மூக்கை வைத்துக் கண்ணை மூடுவார். நான் ருசியும் பார்த்து வாசனையும் பார்த்து, உதடு அசையாமல் காதில் சொல்வேன். "இனிமே நீ சொல்றதுதான்டா எனக்கு" என்று ஒருநாள் சொன்னார். வீட்டில் அண்ணியிடம்கூட அவர் சொல்லவில்லை. பாவம், ஏற்கெனவே பயந்து கிடக்கிறாள், எதுக்கு என்றார்.

ஒரு வருடம் அப்படியே ஓட்டினோம்.

அந்தச் சித்திரை மாதத்தில் ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. நீச்சல் குளத்தை ஒட்டி மத்தியான விருந்து, மெக்சிகோ மெனு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆறு பேர் செய்த வேலைக்கு மூன்று பேர்தான் இருந்தோம். எல்லாருக்கும் கஞ்சி ரம்தான் வேண்டும். அளந்து, ஊற்றி, பத்து எண்ணி, வடித்து, மேலே பட்டைத்தூள் தூவி ஒன்றைக் கொடுப்பதற்குள் எதிரே பத்துக் கை நீளும். மேனேஜர் ரெண்டு தடவை வந்து, சீக்கிரம் சீக்கிரம் என்றார். அண்ணன் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போயிருந்தார்.

நான் ஒரு பெரிய எவர்சில்வர் ஜக்கில் ஒர்ச்சாட்டாவை ஊற்றி, ரம் பாட்டிலை அதிலேயே கவிழ்த்தேன். ஒன்றுக்கு மூன்று, கணக்கு சரியாகத்தான் போட்டேன். இனிமேல் ஊற்றிக் கொடுக்கவேண்டியதுதான். டேப் ஒட்டவில்லை. ஒட்டி எழுதினால் அதுவே சாட்சி. கவுண்டருக்கு அடியில் ஐஸ் தொட்டியில், குழந்தைகளுக்கான, ரம் சேர்க்காத ஜக்குக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டேன். நான் மட்டும்தானே குனிகிறேன் என்று நினைத்தேன்.

ஒன்றரை மணிக்கு அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். ரம் சேர்க்காத ஜக்கைக் குழந்தைகள் காலி செய்திருந்தார்கள். நான் ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். திரும்பியபோது துண்டு கீழே கிடந்தது. டம்ளர் அவர் வாயில் இருந்தது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை நீட்டித் தட்டிவிட்டிருக்கலாம். கை எழவில்லை. ரெண்டடி தள்ளி மேனேஜர் பெண்ணைப் பெற்றவரோடு பேசிக்கொண்டு நின்றார்.

அண்ணன் டம்ளரை வைத்தார். நெஞ்சைத் தடவினார்.

"இன்னாடா இது, சூடா எறங்குது?"

சந்தேகமாகக் கேட்கவில்லை. தினமும் கேட்பதுபோல, நான் என்ன சொன்னாலும் அதுதான் என்பதுபோலக் கேட்டார்.

"இஞ்சிண்ணே" என்றேன். "இன்னிக்கி கொஞ்சம் இஞ்சிச் சாறு விட்டுப் பாத்தேன்."

"நல்லாகீதுடா. வயித்துக்கும் ஆவும்" என்று சொல்லி, ஜக்கை எடுத்து இன்னொரு டம்ளர் ஊற்றிக் குடித்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மேனேஜர் காதில் விழுமே என்ற பயம். அதற்கு முந்தின மாதம்தான் விதியை மீறினான் என்று சமையல்கட்டில் ஒருத்தனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். எனக்கு ரெண்டு பெண்கள், மூத்தவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் நகர்ந்ததும் அண்ணனைத் தனியாக இழுத்துச் சொல்லிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். மேனேஜர் நகர்வதற்குள் அண்ணன் ரெண்டாவதையும் குடித்துவிட்டார். அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசு ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டது. இந்தக் காரணங்களையெல்லாம் எழுதும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று மணிக்குப் பின்னால் அண்ணன் சோடா கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். தலை சுற்றுகிறது, பித்தம் போல என்றார். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கிளாஸ் துடைத்தேன். நாலு மணிக்குக் கிளம்பினார். கேளம்பாக்கம் போய், வண்டலூர் வழியாக ஊரப்பாக்கம் போய்ச் சேர ரெண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் வாசனை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரம் வாசனை வாயில் எத்தனை நேரம் நிற்கும் என்று அந்த ஓட்டலில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது.

ஏழு மணிக்கு என் போன் அடித்தது. மல்லிகா அண்ணி. அழவில்லை. குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. அவரிடம் வாசனை வருகிறது, கேட்டால் குடிக்கவே இல்லை என்கிறார், மோசஸ் இஞ்சி போட்டுக் கலந்து கொடுத்ததைத்தான் குடித்தேன், வேண்டுமானால் அவனையே கேள் என்கிறார் என்றார்.

"நீ சொல்லுப்பா. உன் வார்த்தைய நான் நம்பறேன். தெரியாம ஏதனா கலந்துடுச்சா? அப்பிடின்னா சொல்லிடு, நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

அந்த மகராசி கதவைத் திறந்தே வைத்தார். ஆமாம் அண்ணி என்று ஒரே ஒரு வார்த்தை போதும். மேனேஜர் கவுண்டரின் அந்த முனையில் காலி பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்கண்ணி" என்றேன். "அப்பிடி எதுவும் கலக்கல."

"சரிப்பா" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அண்ணன் டூட்டிக்கு வந்தார். சவரம் செய்யாத முகத்தோடு அவரை அன்றுதான் பார்த்தேன். காலை முதல் வண்டிக்கே அண்ணி போய்விட்டார் என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஊறின அரிசியை எடுத்து, அரைத்து, வடிகட்டினார். துணியைப் பிழிந்தார். முதல் தடவையாக அவர் பிழிந்து பார்த்தேன். பத்து நாளில் காலையிலேயே அவரிடமிருந்து வாசனை வந்தது. அவர் மறைக்கவும் இல்லை. மேனேஜர் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்? சம்பளம் கூடியது, பெண்ணுக்குப் படிப்பு முடிந்தது.

நாலு மாதம் கழித்து ஊரப்பாக்கத்துக்குப் போனேன். வீடு திறந்தே கிடந்தது. அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார், ஆள் பாதியாகியிருந்தார். வாசலில் செருப்பை விட்டபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். ஜக்கு, துண்டு, அண்ணி போன் செய்தது, நான் சொன்னது. அவர் காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"தெரியும்டா" என்றார். "மூக்கு போனா இன்னா, ஒடம்பு மறந்துடுமா? ரெண்டாவது டம்ளர் பாதியிலயே தெரிஞ்சிபோச்சு."

"அப்ப ஏண்ணே முழுசா குடிச்சீங்க? வூட்ல போய் ஏன் இஞ்சின்னு சொன்னீங்க?"

"நிறுத்த முடியலடா. எட்டு வருஷம் கழிச்சி உள்ள எறங்குது, கை டம்ளர வுடல. அத அவகிட்ட எப்பிடி சொல்றது? மொத டம்ளரு நான் தெரியாம குடிச்சது, அது நெஜம். அதுக்கு எங்கிட்ட இருந்தது உன் வார்த்த ஒண்ணுதான். அதத்தான் எடுத்துகினு போனேன்." பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டே, "நீ ஆமான்னு சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார்.

நான் நேராக மதுராந்தகம் போய் அண்ணியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். இப்போது தினமும் குடிக்கிறேனே, இப்போது போய்ச் சொன்னால் அவள் என்ன செய்வாள், குடிகாரனிடம் திரும்பி வருவாளா, உன் வேலையும் போகும், சும்மா இரு என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன். அவர் சொல்லித்தான் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள வசதியாகவும் இருந்தது.

ஒன்றரை வருடத்தில் ஈரல் கெட்டு, ஒரு அடைமழை நாளில் இறந்துபோனார். அண்ணி வந்தார். செய்யவேண்டியதைச் செய்தார். அழவே இல்லை. கடைசி வரைக்கும் பொய் சொல்லிகினே போனாரு என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கும் என் வாய் திறக்கவில்லை. அப்புறம் நானும் ரிட்டயர்டு ஆனேன். இளையவளுக்குக் கல்யாணம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவமன்னிப்பு ஜெபம் சொல்லும்போது மட்டும் உதட்டை அசைத்துவிட்டு வந்துவிடுவேன்.

கல்லூரியில் சால்வை வாங்கிக்கொண்டு வந்த அந்த வாரம் தூக்கமே இல்லை. இனிமேல் எனக்கு வேலை போகாது, ஒன்றும் போகாது, எதைக் காப்பாற்ற இன்னும் மூடி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. மதுராந்தகம் போனேன்.

அண்ணி முன்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. வா மோசஸ் என்று பாசமாகத்தான் கூப்பிட்டார். காபி போடப் போனவரை உட்காரச் சொல்லி, ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"மூக்கு போயிடுச்சா? அவருக்கா?"

"ஆமாண்ணி. காய்ச்சல் வந்ததுலேர்ந்து. உங்களுக்கு பயமாயிடும்னு சொல்லல."

அண்ணி கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் குழம்பு அடிப்பிடித்து வீடே நாறியது, அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார், என் மேல் கோபம் என்றல்லவா நினைத்தேன் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் நான் போனில் சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் ஏதோ கணக்குப் போடுவதுபோல விரலை மடக்கி நீட்டினார்.

"நான் இங்க வந்த பொறவு ஒரு வருஷம் தெனிக்கும் போன் பண்ணாரு" என்றார். "எடுக்கவே இல்ல நானு. ஒரு வாட்டி தம்பி எடுத்தான். இஞ்சிதான் மல்லிகான்னு சொன்னாராம். அதக் கேட்டு இந்த வூடே சிரிச்சிது. நானும் சிரிச்சேன்."

அண்ணி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். சத்தம் போடாமல்தான் பேசினார்.

"பொய் சொன்ன குடிகாரன் செத்தான்னு நெனச்சிகினு இருந்தேன். அது ஒரு நிம்மதி. ராத்திரி படுத்தா தூங்கிகினு இருந்தேன். அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா ஓடியிருப்பேன். இப்ப சொல்ற. நான் எங்க ஓடறது? உன் பாரத்த எறக்கி வெக்க என் வூடுதான் கெடச்சிதா உனக்கு?"

நான் எழுந்தேன். வாசல்வரை கூடவே வந்தார். வழியனுப்ப என்றுதான் நினைத்தேன். நான் செருப்பைப் போட்டதும் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.